பவர் டேபிள் பஞ்சாயத்து

ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக, முதலிபாளையம் தொழிற்பேட்டையில் ஒரு பனியன் கம்பெனியின் இரும்புக் கதவுக்கு வெளியே சித்ரகலா நின்றுகொண்டிருந்தாள். உள்ளே போகலாமா, வந்த பஸ்ஸிலேயே திரும்பிவிடலாமா என்பது ஊத்துக்குளியில் கிளம்பும்போதே தொடங்கிய யோசனை. இன்னும் முடிந்தபாடில்லை.

அவள் குடும்ப நீதிமன்றத்தில் ஆலோசகர். விவாகரத்துக் கேட்டு வருகிறவர்களை உட்கார வைத்துப் பேசுவதும், பிள்ளை யாரிடம் இருப்பது நல்லது என்று விசாரித்து நீதிபதிக்கு அறிக்கை கொடுப்பதும் வேலை. வேலையில் சேர்ந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. இதுவரை அவள் பேசிச் சேர்ந்துபோன ஜோடி ஒன்றுகூட இல்லை. சேர வேண்டாம், சண்டையில்லாமல் பிரிந்துபோன ஜோடியாவது உண்டா என்றால் அதுவும் இல்லை. ஆபீஸ் முடிந்து மாலை வகுப்பில் ஆலோசகர் டிப்ளமா படித்துக்கொண்டிருந்தாள். அங்கே சொல்லித்தருவதையெல்லாம் வரிசை தப்பாமல் செய்துதான் பார்த்தாள். தனி அறை, மூடிய கதவு, தண்ணீர் டம்ளர், தாழ்ந்த குரல். வந்தவர்கள் தண்ணீரைக் குடித்துவிட்டுத் தெம்பாகச் சண்டை போட்டார்கள்.

இப்போது கையில் இருந்தது பாண்டித்துரை, நாகஜோதி வழக்கு. அருப்புக்கோட்டைப் பக்கமிருந்து கல்யாணமான கையோடு திருப்பூருக்குப் பிழைக்க வந்தவர்கள். ஒரு வருஷத்துக்கு மேலாகத் தனித்தனி அறை எடுத்து இருந்தார்கள். பிரிவதில் இருவருக்கும் சம்மதம். ஆறாவது படிக்கும் மகள் பாண்டியம்மாள் யாரிடம் இருப்பது என்பதில்தான் முட்டிக்கொண்டு நின்றது. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஊருக்கே போய்விடுவேன் என்றாள் அம்மா. பிள்ளை திருப்பூரை விட்டு நகரக் கூடாது, என்னோடுதான் இருக்கும் என்றார் அப்பா. போன வாய்தாவில் நீதிபதிக்குப் பொறுமை போய்விட்டது. "திங்கட்கிழமைக்குள் ஒரு முடிவுக்கு வாருங்கள். இல்லாவிட்டால் வழக்கு முடியும்வரை குழந்தையை விடுதியில் சேர்க்க உத்தரவு போடுவேன்" என்று சொல்லிவிட்டார்.

அந்தத் திங்கட்கிழமைதான் நாளைக்கு.

போன வாரம் சிறுமியைத் தனியாகக் கூப்பிட்டுச் சித்ரகலா பேசியிருந்தாள். அப்பா அம்மா இருவரும் தெக்கத்திப் பேச்சு பேச, திருப்பூரிலேயே பிறந்து வளர்ந்த பாண்டியம்மாள் வாயெல்லாம் கொங்குத் தமிழ். "எனக்கு ஆரு ஊட்ல இருந்தாலும் சரிங்க மேடம். ஸ்கூலை மட்டும் மாத்தாதீங்க. ஹாஸ்டல்ல மட்டும் போட்றாதீங்க, நான் செத்தே போயிருவேனுங்க" என்று மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அந்தச் சின்ன விரல்கள் சித்ரகலாவின் கண்ணைவிட்டுப் போகவில்லை. கடைசியாக ஒருமுறை அப்பாவை அவர் வேலை பார்க்கிற இடத்திலேயே பார்த்துக் கேட்டுவிடுவது, பிறகு பஸ் பிடித்து அவினாசி ரோட்டில் அம்மா வேலை பார்க்கும் கம்பெனிக்குப் போவது. இதுதான் திட்டம்.

கதவைத் தட்டினாள். திறந்தவர் கழுத்தில் அளவு டேப்பும் காதில் செல்போனுமாக இருந்த காண்ட்ராக்டர் பொன்னுச்சாமி. அவளையும் அவள் தோள்பையையும் பார்த்தவுடன் போனை மடக்கிச் சட்டைப் பைக்குள் போட்டார்.

"வாங்க மேடம், வாங்க. லேபர் ஆபீசுங்களா? ஞாயித்துக்கெழமை லைன் ஓட்டறது தப்புத்தானுங்க. அஞ்சு மணிக்குக் கண்டெய்னர் லாரி வருது, நாளைக்குள்ள தூத்துக்குடி போகோணும். டேய், மேடத்துக்கு எளநி வெட்டச் சொல்லு!"

"நான் லேபர் ஆபீஸ் இல்லீங்க. கோர்ட்டுல இருந்து வர்றேன்."

பொன்னுச்சாமியின் முகம் செத்துப்போயிற்று. "கோர்ட்டுங்களா..."

"குடும்ப நீதிமன்றமுங்க. பாண்டித்துரைன்னு ஒருத்தர்..."

"அட, ஊட்டுச் சண்டைங்களா!" அவருக்கு உயிர் திரும்பிய சத்தம் கட்டடம் முழுக்கக் கேட்டது. "நான் பயந்தே போயிட்டனுங்க. உள்ள வாங்க. லைனை மட்டும் நிறுத்திப் போடாதீங்க சாமி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

உள்ளே நீளமான பவர் டேபிள் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. ஒரே மோட்டார், அதன் அடியில் சுழலும் ஒரே தண்டு, அதிலிருந்து வரிசையாகத் தையல் மெஷின்கள். ஒவ்வொரு மெஷினிலும் ஒரு டெய்லர். அவருக்கு எதிரில் ஒரு கைமடி, அதாவது வெட்டிய துணியை மடித்து விளிம்பு சேர்த்து ஊசிக்கு நேராக நீட்டிக்கொடுப்பவர். கைமடி சுணங்கினால் டெய்லர் சும்மா உட்கார வேண்டியதுதான். டெய்லர் சுணங்கினால் கைமடி மடியில் துணி மலையாகக் குவியும். காது கிழியும் சத்தம். பஞ்சுத் தூசி மூக்கிலும் புருவத்திலும் ஒட்டியது.

மூன்றாவது மெஷினில் பாண்டித்துரை இருந்தார். அவருக்கு எதிரில், தலைமுடிக்குத் துண்டு கட்டிக்கொண்டு கைமடித்துக்கொண்டிருந்தது நாகஜோதி.

சித்ரகலா இன்னொரு முறை உற்றுப் பார்த்தாள். இவள் அவினாசி ரோட்டுக் கம்பெனியில் அல்லவா வேலை பார்ப்பதாக மனுவில் இருக்கிறது?

அவர்கள் அவளைப் பார்க்கவில்லை. ஒருவரையொருவரும் பார்க்கவில்லை. ஆனால் அவள் கை நீட்டுகிற இடத்தில் அவர் கை வந்து நின்றது. அவர் இழுக்கும்போது அவள் விட்டாள். நூல் அறுந்தபோது அவர் கேட்காமலே கத்தரி அவர் பக்கம் நகர்ந்தது. ஒரு சொல் இல்லை. பக்கத்து மெஷின்கள் ஒரு பீஸ் முடிப்பதற்குள் இவர்களிடமிருந்து இரண்டாவது பீஸ் கூடையில் விழுந்துவிட்டது.

டேபிள் முனையில் நின்று தைத்த துணியைச் சரிபார்த்துக்கொண்டிருந்த ரங்காத்தாள் அவள் காதருகில் வந்து கத்தினாள். "என்ன அம்மிணி, அசந்து போயிட்டீங்களா? இந்த லைன்லயே அதுக ரெண்டுந்தான் நெம்பர் ஒன்னு!"

"இவங்க... எப்பவுமே சேர்ந்துதான் வேலை செய்யறாங்களா?"

"பத்து வருசமாச் செய்யுதுக. வேற ஆளைப் போட்டுப் பாத்தம், கை ஒத்துவரலீங்க!"

சித்ரகலாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சிரித்துவிடாமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிரிவதா, இவர்களா? பத்து வருஷமாக ஒரே மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து மூச்சுக்கு மூச்சு ஒத்துப்போகிறவர்களா? அறிக்கையின் முதல் வரி அவளுக்குள் தானாகவே உருவாகிவிட்டது: 'இத்தம்பதியர் மீண்டும் சேர்ந்து வாழ வலுவான வாய்ப்பு உள்ளது.' முதல் ஜோடி! மாலை வகுப்பில் எழுந்து நின்று சொல்வதுபோல ஒரு காட்சிகூட ஓடியது. அவசரப்படாதே என்று ஒரு மனம் இழுத்தது. அந்த மனம் எப்போதுமே இழுக்கிற மனம்தான் என்று ஒதுக்கித் தள்ளினாள்.

அப்போதுதான் நாகஜோதி நிமிர்ந்தாள். சித்ரகலாவைப் பார்த்தாள். முகம் வெளிறிப்போயிற்று.

அதே நேரம் கரண்ட் போயிற்று. அந்த வருஷம் திருப்பூரில் கரண்ட் போகாத நாள் ஏது? மோட்டார் முனகி அடங்கியது. மெஷின்கள் நின்றன. அத்தனை சத்தத்துக்குப் பிறகு வந்த அமைதியில் காது விண்ணென்றது.

"மேடத்துகிட்ட நீதான சொன்ன?" பாண்டித்துரைதான் முதலில்.

"நான் எதுக்குச் சொல்றேன்? எனக்கென்ன கிறுக்கா? நீங்கதான் டீக்கடை டீக்கடையா உக்காந்து ஊருக்கே ஒலிபரப்புற ஆளு!"

"நான் வாயே தொறக்கலன்னு நீதான போன வாய்தாவுல அழுத? இப்ப ஒலிபரப்புறேனா?"

"வீட்டுல தொறக்க மாட்டீக. வெளிய மூட மாட்டீக!"

"அண்ணங்காரனுகளை விட்டு என்னைய வாசல்ல நிக்க வச்சுப் பேச வச்சவ நீ. அப்ப எங்க போச்சு இந்த வாயி?"

"அதையே எத்தனை பங்குனிக்குச் சொல்லுவீக? பிள்ளைக்குக் காய்ச்சல்னு ஆள்விட்டா, வராம ஓவர்டைம் பாத்தது யாரு?"

"காய்ச்சல்னு சொல்லவே இல்ல, வரச் சொன்ன!"

கைமடித்த துணி ஒன்று தரையில் விழுந்து மிதிபட்டது. இருவரும் எழுந்துவிட்டிருந்தார்கள். மற்றவர்கள் அவரவர் இடத்தில் சோம்பல் முறித்துக்கொண்டு, இடைவேளையில் முறுக்குத் தின்பவர்கள் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்கள். "தெனமும் கரண்ட் போனா இதே கதைதானுங்க" என்றாள் ரங்காத்தாள் இப்போது சாதாரணக் குரலில். "மெசின் ஓடறவரைக்கும் ராமன் சீதை. நின்னுதுன்னா கீரியும் பாம்பும்."

சித்ரகலாவின் முதல் வரி அவளுக்குள்ளேயே அழிந்தது. வெட்கமாக இருந்தது. இவர்கள் கை ஒத்துப்போகிறது, அவ்வளவுதான். அதை மனசு என்று எடுத்துக்கொண்டு நாளைக்கு நீதிபதி முன் போய் நின்றிருந்தால், இதே சண்டை அங்கே நடந்திருக்கும். சாயங்காலமே பாண்டியம்மாள் பெட்டியோடு விடுதி வாசலில் நின்றிருப்பாள்.

"மேடம்," நாகஜோதி கும்பிட்டபடி அருகில் வந்தாள். "ஜட்ஜய்யாகிட்டச் சொல்லிராதீக. ஒரே மெஷின்ல வேலை பாக்குறது தெரிஞ்சா, சேர்ந்துதான வாழுறீங்கன்னு டைவர்ஸ் குடுக்க மாட்டாகளாம். அதான் வேற கம்பெனி பேரைச் சொன்னேன்."

"யாருங்க அப்படிச் சொன்னது?"

"லைன்ல எல்லாருந்தான்."

லைன் மொத்தமும் தலையாட்டியது.

"அப்படி இல்லீங்க. நீங்க ஒரே ஊட்ல புருஷன் பொண்டாட்டியா வாழறீங்களாங்கிறதைத்தான் சட்டம் பாக்கும். எந்த மெஷின்ல உக்கார்றீங்கன்னு பாக்காது" என்று சித்ரகலா உறுதியாகச் சொன்னாள். சொல்லி முடித்ததும், சரியாகத்தான் சொன்னோமா என்று பாடத்தை ஒருதரம் மனசுக்குள் புரட்டிக்கொண்டாள். சரிதான். "ஆனா பொய் சொன்னதுதான் தப்பு. நாளைக்கு உண்மையைச் சொல்லிப்போடுங்க. நானும் எழுதத்தான் வேணும்."

"பாத்தியா, உன்னாலதான்!" என்று பாண்டித்துரை ஆரம்பிக்கும்போது, கட்டடத்தின் பின்னால் ஜெனரேட்டர் இருமி, உறுமி, பிடித்துக்கொண்டது. மோட்டார் ஓடியது. "ஓடட்டும், ஓடட்டும்!" என்று பொன்னுச்சாமி கைதட்டினார். நாகஜோதி வாயில் பாதியில் நின்ற பதிலோடு அப்படியே உட்கார்ந்தாள். துணியை எடுத்தாள், மடித்தாள், நீட்டினாள். அவர் கை வந்து வாங்கிக்கொண்டது.

சித்ரகலா பார்த்துக்கொண்டே பையிலிருந்து தாளையும் பேனாவையும் எடுத்தாள்.

இந்தச் சத்தத்தில் நீளமாகத் திட்ட முடியாது. இரண்டு மூன்று சொல்லைக் கத்தலாம், அவ்வளவே. எழுந்து போகவும் முடியாது, எதிரில் இருப்பவரின் கை காத்திருக்கும். மூடிய அறையும் தண்ணீர் டம்ளரும் செய்யாத காரியத்தை இந்த மோட்டார் செய்துகொண்டிருக்கிறது. அது ஓடும்போதே கேட்டுவிட்டால்?

கூடாது என்று பாடம் சொன்னது. நாலு பேர் முன்னால் குடும்ப விஷயம் பேசவே கூடாது. ஆனால் பாடத்தை எழுதியவர்கள் பாண்டியம்மாளின் விரல்களைப் பார்த்ததில்லை. வெட்டிய துணி கட்டியிருந்த பண்டல் ஒன்றை இழுத்து அந்த மெஷினுக்குப் பக்கத்தில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்தாள்.

"இங்கயே பேசலாங்களா? எல்லாருக்கும் கேக்குமே!" என்று கத்தினாள்.

"இவுகளுக்குத் தெரியாதது என்ன இருக்கு?" என்றாள் நாகஜோதி, துணியிலிருந்து கண்ணை எடுக்காமல். பாண்டித்துரை தலையசைத்தார்.

"மேடம்! பீஸ் நின்னா லாரி நிக்காதுங்க!" பொன்னுச்சாமி.

"பீஸ் நிக்காதுங்க, நீங்க போங்க!" சித்ரகலாவுக்குத் தன் குரல் இவ்வளவு பெரியது என்று அன்றுதான் தெரிந்தது. "மொதக் கேள்வி. சேர்ந்து வாழற யோசனை ஏதாவது?"

"வேணாம்!" இருவரும் ஒரே குரலில். லைன் முழுக்கச் சிரிப்பு. அவர்களுக்கும் உதட்டோரம் லேசாக இழுத்தது.

"சரி, பாப்பா ஸ்கூல்?"

"இதே ஸ்கூல்!" அவர்.

"இதேதான்!" அவள்.

சித்ரகலாவின் பேனா துள்ளியது. ஆறு மாதமாக நகராத வண்டி!

"பண்டிகை?"

"தீபாவளி எங்கிட்ட!" அவள்.

"பொங்கல் எங்கிட்ட!" அவர்.

"ஞாயித்துக்கெழமை?"

"இங்கதான!" என்றார் ஓர் இளந்தாரி அடுத்த மெஷினிலிருந்து. மறுபடியும் சிரிப்பு. "ஷிப்மெண்ட் இல்லாத ஞாயிறு எங்கிட்ட" என்று பாண்டித்துரை திருத்தினார். நாகஜோதி தலையாட்டினாள். அடுத்த பீஸை நீட்டினாள்.

"ஸ்கூல் நாள்ல ராத்திரி பாப்பா ஆருகிட்டத் தூங்கும்?"

"எங்கிட்ட!"

"எங்கிட்டத்தான்!"

துணி கோணியது. தையல் வாய்க்கால் மாதிரி வளைந்து ஓடியது. ரங்காத்தாள் அதை எடுத்துப் பார்த்து அவர்கள் முன்னாலேயே திரும்ப வீசினாள். "பிரிச்சுத் தையுங்க! காரமடைத் தேர் மாதிரிப் போகுது தையலு! சண்டை போடறதுன்னா துணியில போடாதீங்க!"

பாண்டித்துரையின் கால் பெடலிலிருந்து எழுந்தது. சுற்றிலும் மற்ற மெஷின்கள் இரைந்துகொண்டிருக்க, இவருடையது மட்டும் நின்றது. பொன்னுச்சாமி தலையில் கை வைத்தார். தொட்டால் வெடித்துவிடும் என்று சித்ரகலாவுக்குத் தெரிந்தது. கேட்க வேண்டியதைத் தேடினாள். நியாயம் எதுவும் பேசக் கூடாது, வெறும் கேள்வியாக இருக்க வேண்டும்.

"நீங்க வேலை முடிஞ்சு ரூமுக்குப் போக எத்தனை மணி ஆகும்?"

"ஒன்றரை ஷிப்டு. ஒம்பது, பத்து ஆயிரும்."

"பாப்பா எத்தனை மணிக்கு ஸ்கூல் விட்டு வரும்?"

அவர் கோணல் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தார். நூலை முனையிலிருந்து மெதுவாக உருவினார். நாகஜோதி துணியின் மறுமுனையைப் பிடித்து இழுத்துக் கொடுத்தாள்.

"நீ?" என்றார் அவளிடம்.

"ஒரு ஷிப்டோட போயிருவேன். அஞ்சரைக்கு வீட்டுல இருப்பேன்."

"இந்தக் கம்பெனியில விடுவாகளா?"

"விடறனுங்க, விடறனுங்க!" என்று அலறினார் பொன்னுச்சாமி. "அடுத்த மாசத்துல இருந்து ஒரு ஷிப்டு! நீ பெடல்ல காலை வை மொதல்ல!"

பாண்டித்துரை காலை வைக்கவில்லை. "பள்ளிக்கூட நாளு உங்கிட்டயே இருக்கட்டும்" என்றார். கத்தாமல் சொன்னதால் சித்ரகலா உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டாள். "ஆனா ஊருக்குக் கூட்டிட்டுப் போயிரக் கூடாது. பிள்ளை இங்கதான் இருக்கணும்."

"ஊருல எனக்கு யாரு இருக்கா? அண்ணிமாரு கையைப் பாத்துச் சோத்துக்கு நிக்கவா?"

"அப்ப கோர்ட்டுல ஏன் போறேன்னு சொன்ன?"

"வக்கீலுதான் சொல்லச் சொன்னாரு. முழுசாக் கேட்டாத்தான் பாதியாச்சும் கெடைக்கும்னாரு."

பாண்டித்துரை அவளை நிமிர்ந்து பார்த்தார். சண்டைக்காக இல்லாமல், அன்றைக்கு முதல்முறையாக. "எங்க வக்கீலும் அதேதான் சொன்னாரு" என்றபடி பெடலில் காலை வைத்தார்.

ரங்காத்தாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்துக் குலுங்கினாள். சித்ரகலாவுக்கு அழுகை வரும்போல இருந்தது, சிரிப்பும் வந்தது. எதுவும் காட்டிக்கொள்ளாமல் மிச்சத்தையும் கேட்டு எழுதினாள். பள்ளி நாட்களில் அம்மா. ஷிப்மெண்ட் இல்லாத ஞாயிறு அப்பா. வாரத்துக்கு ஒருநாள் பள்ளிக்கூட வாசலில் அப்பா பார்க்கலாம். தீபாவளி அம்மா, பொங்கல் அப்பா. பெரிய லீவு பாதிப்பாதி. பிள்ளையோடு ஊருக்குப் போவதென்றால் அவருக்குச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். பள்ளி மாற்றம் இல்லை. விடுதி இல்லை. ஒவ்வொன்றையும் இருவருக்கும் கேட்கும்படி கத்திப் படித்தாள். இடையில் ஒன்றைத் தப்பாக எழுதிவிட்டோமோ என்று பயந்து மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். அதற்குள் அவர்கள் கூடையில் எட்டுப் பத்துப் பீஸ் விழுந்துவிட்டது.

கையெழுத்து வேண்டும். நாகஜோதி எழுந்தால் கைமடிக்க ஆளில்லை.

"நகருங்க" என்றாள் சித்ரகலா. துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு நாகஜோதியின் இடத்தில் உட்கார்ந்தாள். அவள் மடித்த துணி கோணல்மாணலாக வந்தது. பாண்டித்துரை ஒரு பீஸை வாங்கிப் பார்த்தார், தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார், ஓரமாக வைத்தார்.

"மேடம், உங்களுக்குக் கோர்ட்டு வேலையே போதுங்க!" என்று யாரோ கத்த, லைனே அதிர்ந்தது. நாகஜோதி கையெழுத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவளை எழுப்பிவிட்டாள். அடுத்தது பாண்டித்துரை. அவர் எழுந்ததும் நாகஜோதி டெய்லர் இருக்கைக்கு மாறி ரங்காத்தாளைக் கைமடிக்க உட்கார்த்திவைத்துத் தைக்க ஆரம்பித்துவிட்டாள். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அவர் அந்தத் தையலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நிதானமாகப் பெயரை எழுதினார்.

"பாப்பாகிட்டச் சொல்லணும்" என்றார், பேனாவைத் திருப்பிக் கொடுத்தபடி. "நேத்து ராத்திரியே பெட்டியில துணி எடுத்து வச்சுட்டு அழுதுச்சாம். இவதான் சொன்னா."

எப்போது சொன்னாள் என்று சித்ரகலா கேட்கவில்லை. தன் செல்போனை எடுத்தாள். நாகஜோதியே தான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் எண்ணை அழுத்திக் கொடுத்தாள். மணி போயிற்று. யாரோ எடுத்து, "பாண்டீ, உனக்குத்தான்" என்று கூப்பிடுவது லேசாகக் கேட்டது.

"அலோ, ஆருங்க?"

"பாப்பா, நான் அம்மா பேசுறேன்! ஹாஸ்டலு இல்லடி!"

"என்னம்மா? ஒரே எரைச்சலா இருக்குது! கேக்குலே!"

பாண்டித்துரை குனிந்து போனுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுவந்தார். "ஹாஸ்டலு வேணாம்னு முடிவாயிருச்சு!"

"அப்பாவா? அப்பா எதுக்குக் கத்தறாரு? மறுபடியும் சண்டைங்களா?" சிறுமியின் குரல் உடையத் தொடங்கியது. "என்ன வேணாங்கறீங்க? என்னையவா?"

நாகஜோதி தவித்துப்போய் லைனைத் திரும்பிப் பார்த்தாள். சித்ரகலா போனை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையை வீசிச் சைகை காட்டினாள். யாரும் சொல்லித்தரவில்லை. டெய்லர், கைமடி, ரங்காத்தாள், வாசலில் நின்ற பொன்னுச்சாமி, அத்தனை பேரும் மோட்டாரையும் ஜெனரேட்டரையும் அமுக்கிக்கொண்டு கத்தினார்கள்:

"ஹாஸ்டல் இல்லே பாப்பா!"



"ஸ்கூலு?" என்றது மறுமுனைக் குரல்.

"அதே ஸ்கூலு!"

அதற்குப் பிறகு வந்த சத்தம் சிரிப்பா, அழுகையா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. போனை யாரிடமோ கொடுத்துவிட்டுத் தெருவில் கத்திக்கொண்டே ஓடுகிற காலடி மட்டும் தெளிவாகக் கேட்டது.

வெளியே கண்டெய்னர் லாரி வந்து நின்று ஹாரன் அடித்தது. "மேடம், எளநி குடிச்சுப்போட்டுப் போங்க!" என்று சொல்லிக்கொண்டே பொன்னுச்சாமி அதை நோக்கி ஓடினார். நாகஜோதி தன் இடத்துக்கு மாறி உட்கார்ந்தாள். பாண்டித்துரை பெடலில் காலை வைத்தார். நாளைக்கு நீதிபதி, இதை எங்கே வைத்து எழுதினீர்கள் என்று கேட்பார். கேட்கட்டும். தாளில் ஒட்டியிருந்த பஞ்சை ஊதிவிட்டு, மடிப்புக் கலையாமல் பைக்குள் வைத்துக்கொண்டு, சித்ரகலா பஸ் ஸ்டாப்புக்கு நடக்க வேண்டியவள், ஓடினாள்.